டவர் கிடைக்காத மலை

எங்கள் வீட்டு ஹாலில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் என் வீட்டுக்காரர் படம்தான் இருக்கிறது. கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிய படம். கல்வராயன் மலைப் பாதையில் ஒரு வளைவு, மஞ்சள் அடித்த கைப்பிடிச் சுவர், கீழே தூரத்தில் கோமுகி அணைத் தண்ணீர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். பின்னால் சுவர்மேல் மலைக்காரர்கள் நாலைந்து பேர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதோ கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கண்ணாடியைத் துடைப்பது நான்தான்.

அந்தப் படம் எடுத்த அன்றைக்குத்தான் என் அப்பா செத்துப்போனார்.

என் வீட்டுக்காரர் சிவசங்கருக்கு எலவனாசூர்கோட்டையில் நன்செய் இருக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபட ஆள் இருக்கிறது. ஆகவே அவருக்கு சைக்கிள் ஓட்ட நேரம் இருக்கிறது. கன்னியாகுமரி போயிருக்கிறார், ராமேஸ்வரம் போயிருக்கிறார், ஹம்பி வரைக்கும் மிதித்துப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் முக்கூட்டு ரோட்டிலேயே பொன்னாடை போர்த்தி அழைத்து வருவார்கள். நான் வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும். உள்ளே வந்ததும் சைக்கிளை ஹாலில் நிறுத்தி, அதற்கென்று வைத்திருக்கும் மஞ்சள் துணியால் செயின்வரைக்கும் துடைத்து முடித்த பிறகுதான் பெண்டாட்டி என்று ஒருத்தி நிற்பது கண்ணில் படும். பொன்னாடைகள் பெருகிப் பெருகி என் பட்டுப்புடவைகளை பீரோவிலிருந்து கட்டிலடிப் பெட்டிக்குத் துரத்திவிட்டன.

பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். "சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவனுக்கு மனசில் அழுக்குத் தங்காது, பிள்ளைகளே" என்பார். கைதட்டுவார்கள். சட்டைக் காலரில் தங்குகிற அழுக்கை யார் கசக்குகிறார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

என் அப்பா கண்ணாயிரம் களமருதூர்க்காரர். நான் அவருக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிய மாப்பிள்ளை மேளத்தோடு வந்து பிணத்தின்மேல் கோடித்துணி போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு ஊரே என் முகத்தைப் பார்த்தது. நான் போனைப் பார்த்தேன். "அப்பா போயிட்டாரு, ஒடனே வாங்க" என்று செய்தி அனுப்பியிருந்தேன். கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு தடவை மணி முழுசாக அடித்து நின்றது. நான் சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். அப்புறம் மறுபடி அதே பெண்.

பொழுது சாயப் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். கடைசியில் ஒன்றுவிட்ட பெரியப்பாவின் மருமகன், யாரோ ஒருவன், அவசரத்துக்கு வாங்கிய வேட்டியை அப்பா மேல் போட்டான். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. இன்றைக்கும் களமருதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் என் காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள், மாப்பிள்ளை கோடி விழாத பொணம் என்று.

மறுநாள் வந்தார். வெயிலில் கறுத்து, நன்றாகத்தான் இருந்தார்.

"மலையில டவர் இல்ல விஜி. கச்சிராயபாளையம் எறங்குனப்புறந்தான் உன் மெசேஜே வந்து வுழுந்துச்சி. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒரு வாட்டி ரிங் போச்சிங்களே..."

"மலைன்னா அப்டித்தான். வரும், பூடும்." பிறகு, "வூட்டுக்குப் போனேன். ஆரத்தி எடுக்கக்கூட ஆளில்ல" என்றார்.

துக்கத்தில் மனிதருக்குப் பேசத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். டவர் இருந்திருந்தால் வந்திருப்பார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு ஆக்கினேன், ஆரத்தி கரைத்தேன், அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். ஊர் சொன்னதையெல்லாம் இதை வைத்துத்தான் தாங்கினேன்.

இந்த மாசி மாதம் அவர் கால் உடைந்தது. ஹம்பி வரைக்கும் போய் வந்தவர், எங்கள் தெருமுனையில் ரோட்டில் காயப்போட்டிருந்த உளுந்தில் சறுக்கி விழுந்தார். மாவுக்கட்டு, கையில் வாக்கர். சங்கத்துக்காரர்கள் ஆப்பிளோடு வந்து உட்கார்ந்து கல்வராயன் மலைக் கதையை மறுபடி எடுத்தார்கள். காபி கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"சைக்கிள் சும்மாத்தான நிக்குது. நானும் ஒரு வாட்டி மலைக்குப் போய்ட்டு வரட்டுங்களா?"

களமருதூரிலிருந்து உளுந்தூர்பேட்டை பள்ளிக்கூடத்துக்கு நான் தினமும் சைக்கிளில்தான் போய் வந்தேன். அது இவருக்குத் தெரியும். இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீயா? தியாகதுருகம் தாண்டுவியா நீ? ஒன்ன மினி லாரியில ஏத்திக்கினு வரப் போறாங்க, சைக்கிளையும் சேத்து!"

"போய்ட்டு வரட்டும் தலைவரே, சங்கத்துக்கு நல்ல பேரு" என்று ஒருவர் சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால் பெரிய மனிதனாக இருக்க வேண்டுமே. தலையாட்டினார். நான் என் உயரத்துக்கு சைக்கிள் சீட்டை இறக்கியபோதுதான் அவர் முகம் மாறியது. கால் உடைந்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வலி இல்லை.

ஊருக்குள்ளேயே சில நாள் விடிகாலையில் ஓட்டிப் பழகிவிட்டு, பக்கத்து வீட்டு அமிர்தம் அக்காவிடம் அவருக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டு, சுடிதார் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மகள் சுபஸ்ரீ சென்னையில் படிக்கிறாள். போனில் "செம மா!" என்று கத்தினாள்.

தியாகதுருகத்தில் ஒருவரும் என்னை மினி லாரியில் ஏற்றவில்லை. கள்ளக்குறிச்சியில் கரும்புச்சாறு குடித்தேன். அன்று சாயங்காலம் கச்சிராயபாளையத்தில் சித்தி மகள் ரம்யா வீட்டில் இறங்கியபோது தொடை இரண்டும் என்னுடையதாக இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த மனிதர் பள்ளிக்கூடங்களில் உளறியதெல்லாம் பொய்யில்லை என்று தெரிந்தபோது எனக்கு எரிச்சல்கூட வந்தது. வழியெல்லாம் யாருக்கும் நான் காபி போட வேண்டியிருக்கவில்லை. ஒரு மரத்தடியில் நிற்க வேண்டும் என்று தோன்றினால் நின்றேன். என் காலால் மிதித்த தூரம் என்னுடையது, அதில் யாரும் பங்குக்கு வர முடியாது. இவ்வளவு நல்ல ஒன்றைத் தனியாகவே தின்றுகொண்டு, என்னை வாசலிலேயே நிற்க வைத்திருந்தாரே என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் மலை ஏறினேன். அணையைத் தாண்டி, பரிகம் தாண்டி, ஏற்றம் தொடங்கியதும் மூச்சு நெஞ்சில் இடித்தது. மிகச் சின்ன கியரில் போட்டு, நடக்கிறவனைவிட மெதுவாக மிதித்தேன். ஒரு குரங்கு சுவர்மேல் கூடவே கொஞ்ச தூரம் வந்து, அலுத்துப்போய் நின்றுவிட்டது. குளிர்ந்த காற்று வியர்வையில் பட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். வயதுக்கு வந்த பிறகு ரோட்டில் நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஏறி ஏறி ஒரு வளைவில் திரும்பினேன். மஞ்சள் அடித்த சுவர். கீழே அணைத் தண்ணீர். ஹாலில் தினமும் துடைக்கிற இடத்துக்குள்ளேயே வந்து நிற்கிறேன். சுவர்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் கன்னத்தில் கைவைத்திருக்கவில்லை. எல்லாரும் போன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் ஒரு பெண் கூடையில் நெல்லிக்காய் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கலையரசி என்று பேர் சொன்னாள். நெல்லிக்காய் வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"இன்னாம்மா, எல்லாரும் இங்க வந்து குந்திக்கினு பேசறாங்க?"

"மலையில வேற எங்கியும் டவர் புடிக்காதுக்கா. இந்த வளைவுல மட்டும் கொட்டும். எங்க ஊருங்களுக்கு நல்லது கெட்டது எல்லாச் சேதியும் இங்கதான் வந்து சேரும். பொழுது விடிஞ்சா யாராச்சும் ஒருத்தர் வந்து நின்னு பாத்துட்டுப் போவாங்க."

"எத்தினி வருசமா?"

"எம் பொண்ணு பொறந்த சேதியே எங்க வூட்டுக்காரருக்கு இங்கதான் வந்துச்சி. அது இப்போ பள்ளிக்கூடம் போவுது."

அப்பா போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான்.

நான் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படத்தையே அவர் போனில்தான் எடுத்தார். யாரிடமோ போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னதாக அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். மணி முழுசாக அடித்தது இங்கேதான். என் பேர் அதில் தெரிந்திருக்கிறது, அப்பா போய்விட்டார் என்ற எழுத்தும் தெரிந்திருக்கிறது. பார்த்துவிட்டு, போனை அந்த ஆளிடம் கொடுத்து, சைக்கிளைச் சாய்த்து, பல்லைக் காட்டியிருக்கிறார். பிறகு மேலே ஏறியிருக்கிறார். களமருதூரில் அந்தப் புது வேட்டியின் விலைச்சீட்டு அப்பா நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது.

அழுகை வரவில்லை. ஏமாந்தேனே என்ற ஆத்திரம்தான் வந்தது. நான் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றும் கையோடு வந்துவிட்டது.

அப்போது என் போன் அடித்தது. அவர்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடி. பிறகு குரல் செய்தி ஒன்று வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"விஜி, பின்னாடி பாத்ரூம்ல வுழுந்துட்டேன்டி. எந்திரிக்க முடியல. மேல துணிகூட இல்ல. கதவு தாப்பா போட்டுக் கெடக்குது. யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத, சங்கத்துக்குத் தெரிஞ்சா மானம் பூடும். நீ வா. பஸ்ஸ புடிச்சி வா."

போன் இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போகாத மனிதர் அவர். அது நல்லதாகப் போயிற்று.

கச்சிராயபாளையத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு பஸ் பிடித்தால் மதியத்துக்குள் வீடு. அமிர்தம் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் உடனே ஆள் வரும். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், புருஷன் பேச்சைத் தட்டலாமா. நான் கேட்டுவிட்டேன் என்று வாட்ஸ்அப்பின் நீலக் குறி அவர் போனில் காட்டிக் கொடுத்திருக்கும். காட்டட்டும். நெல்லிக்காயை மென்று தண்ணீர் குடித்தேன். தண்ணீர் இனித்தது. போனை அணைத்தேன்.

மேலே ஏறினேன். கரியாலூரில் சூடாக இட்லி தின்றேன். வெள்ளிமலையில் ஒரு பாறைமேல் வெகுநேரம் படுத்திருந்தேன். வானம் சும்மா இருந்தது. அவர் சொல்லாத இன்னொரு சுகமும் இதில் இருக்கிறது. கீழே ஒருத்தர் நமக்காகக் காத்துக் கிடக்கிறார் என்று தெரிந்துகொண்டே போகாமல் இருப்பது. அந்த ருசியை இத்தனை வருஷம் அவர் ஒருத்தரே அனுபவித்திருக்கிறார்.

இறக்கத்தில் நான் பெரும்பாலும் பிரேக்கே பிடிக்கவில்லை. அவசரம் என்று நினைக்க வேண்டாம், காற்றுக்காகத்தான். ரம்யா வீட்டில் நிற்காமல் ஊர்வரைக்கும் மிதித்தேன், மஞ்சள் வெயிலில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன்.

அமிர்தம் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா விஜி! மத்தியானம் சோறு எடுத்தாந்து தம்பி தம்பின்னு கூப்ட்டேன், சத்தமே இல்ல. தூங்கறாரு போலன்னு ஹால்ல வச்சிட்டுப் போய்ட்டேன்."

அவருக்குக் கேட்டிருக்கிறது. அம்மணமாகப் பார்த்துவிடுவார்களே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அக்காவுக்கு நன்றி சொல்லி அனுப்பினேன். சைக்கிளை ஹாலில் அதன் இடத்தில் நிறுத்தினேன். மஞ்சள் துணியை எடுத்து ஹேண்டில், சக்கரம், செயின் எல்லாம் நிதானமாகத் துடைத்தேன். பின்னாலிருந்து "யாரு? யாரு அது?" என்று மெல்லிய குரல் வந்தது. துடைத்து முடித்தேன்.

பிறகு போய், தகரக் கதவின் தாழ்ப்பாளைக் கம்பியால் நெம்பித் திறந்தேன். ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். மாவுக்கட்டு ஊறிக் கரைந்திருந்தது. உதடு வெளுத்து, உடம்பில் எறும்பு ஏறியிருந்தது. போன் நெஞ்சோடு சேர்ந்து கையில் இருந்தது.

"காலையிலருந்து எத்தினி வாட்டி கூப்ட்டேன்" என்றார். குரல் உடைந்தது. "நீ கேட்டியே விஜி..."

"மலையில டவர் இல்லீங்களே. ஒங்களுக்குத் தெரியாதா?"

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எந்த வளைவில் நின்றேன் என்று அவருக்குப் புரிந்தது. புரியட்டும் என்றுதான் நான் கண்ணை எடுக்கவில்லை. வெளியில் யாரோ பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவர் உடம்பு குளிரில் உதறிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார் கடைசியில். "அங்க கெடைக்காது."

உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். இருந்ததிலேயே ஜரிகை அதிகமான பொன்னாடையை எடுத்து வந்து, ஊரில் பிணத்துக்குப் போர்த்துகிற மாதிரி, கழுத்திலிருந்து கால்வரைக்கும் அவர்மேல் போர்த்தினேன்.