நான் மாற்றிச் சொன்ன பதில்

குடியை நிறுத்தும் மையம் என்று தாம்பரம் பக்கம் நாங்கள் ஏறி இறங்கியதில் இது நாலாவது. முதல் மூன்றிலும் ஒரே பாட்டு: "இங்க எல்லாமே பேச்சுதாம்மா. காது கேக்காதவர வச்சுகினு நாங்க இன்னா பண்றது?" மூன்றாவது இடத்தில், தற்கொலை எண்ணம் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்று பலகையே மாட்டியிருந்தார்கள். ஒயின்ஷாப்பில் மட்டும் யாரும் காதைப் பார்ப்பதில்லை. ஒரு விரலைக் காட்டினால் போதும், பாட்டில் வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் தயாளனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பல்லாவரத்தில் தோல் வேலை. பள்ளியில் படித்த சைகையைக் கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கும் கற்றுக்கொடுத்தார். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றார் கவுன்சிலர் மிருதுளா மேடம்.

எவ்வளவு குடிப்பார், எத்தனை வருஷமாக, எல்லாம் கேட்டுச் சொன்னேன். அடிப்பாரா என்றார். அதையும் அவரிடமே கேட்டேன். தலையைக் குனிந்து ஆமாம் என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"செத்துடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

அதையும் கையால் கேட்டேன். அவர் மேடத்தைப் பார்த்தபடி கையால் பதில் சொன்னார்: போன செவ்வாய்க்கிழமை தண்டவாளத்துக்குப் போனேன். ரயில் வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்றேன். சத்தம்தான் கேட்காதே, பயம் இருக்காது என்று நினைத்தேன். காலுக்கடியில் அதிர்ந்தது. பயந்து வெளியே விழுந்தேன்.

அன்றைக்கு முட்டியில் சிராய்ப்போடு வந்தார். போதையில் விழுந்ததாக நினைத்துத் திட்டிக்கொண்டேதான் மருந்து போட்டேன்.

மூன்றாவது இடத்துப் பலகை கண்முன் வந்தது.

"இல்லைன்றாரு மேடம்" என்றேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு நேரம் கையை அசைச்சாரு. நீங்க ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்களே?"

தயாளன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல் என்று கை காட்டினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சொன்னா சேத்துக்க மாட்டீங்க மேடம். வூட்டுக்கு இட்டுகினு போனா இவர் உயிரோட இருக்க மாட்டாரு." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேடம் எழுந்தார். போச்சு, வெளியே அனுப்பப்போகிறார் என்று நானும் எழுந்துவிட்டேன்.

"டாக்டரைக் கூப்பிடறேன். இன்னைக்கே பெட் போட்டுடலாம், நர்ஸ் ரூம் பக்கத்துல. தனியா விட மாட்டோம். ஆனா இனிமே நடுவுல நீங்க வேணாம்கா. உங்க மூலமா அவர் எல்லாத்தையும் சொல்ல முடியாது."

போனை மேசையில் சாய்த்து வைத்து யாருக்கோ வீடியோ கால் போட்டார். திரையில் ஒரு பெண் சைகையில் வணக்கம் சொன்னாள்; சைகையைப் பேச்சாக மாற்றிச் சொல்பவளாம். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

உட்கார முடியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகத் தயாளனின் முதுகுதான் தெரிந்தது. கை பேசப் பேசத் தோள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. கல்யாணமான பதினோரு வருஷத்தில் என்னிடம் அவர் இவ்வளவு பேசியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும்தானா? அதற்கு முன்னாலும் போயிருக்கிறாரா?

கேட்டே ஆக வேண்டும் என்று கதவைத் தட்டக் கையை ஓங்கிவிட்டேன். பிறகு அந்தக் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, பயத்தோடு அங்கேயே நின்றேன்.