மாடிசன் கையெழுத்தின் மேல் நீல மை

எங்கள் வெர்மான்ட் குழுவில் எல்லோரும் சேகரிப்பது ஒன்றைத்தான்: அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிகள் கையெழுத்திட்ட ராணுவ நியமனப் பத்திரங்கள். என்னிடம் ஜனாதிபதி மன்றோ கையெழுத்திட்டது ஒன்று மட்டும் இருக்கிறது. அவருக்கு முந்திய மாடிசனுடையது இல்லை. கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்காருவேன். பேசுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஊர்க்காரர்களையும் தேவாலயக் கூடத்துக்கு அழைத்திருந்தோம், வீட்டுப் பரணில் இருப்பதைக் கொண்டுவந்து காட்டலாம் என்று. தெல்மா டன்னிங் தன் தம்பி ராய்ஸுடன் வந்தார். கையில் மரச்சட்டம் போட்ட ஒரு பத்திரம்; அவர்களுடைய மூதாதை ஏசா டன்னிங்கை 1813-இல் ஜனாதிபதி மாடிசன் லெப்டினன்ட் ஆக்கியது. அப்போது பிரிட்டனோடு நடந்த போருக்குப் போனவர்களின் பெயர்களை ஊர்ப் பூங்காவில் கல்லில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏசாவுக்கு வேறு ஆதாரம் இல்லை. எங்கள் குழு சரி என்றால்தான் அவர் பெயர் சேரும்.

குழுத் தலைவர் ஹாஸ்கெல் குனிந்து பார்த்தார். கழுகும் முரசுகளும் அச்சிட்ட, காகிதம்போல மெலிதாகப் பதப்படுத்திய கன்றுத்தோல். எழுத்தெல்லாம் வெளிறிப் பழுப்பாகியிருந்தது. கையெழுத்து மட்டும் பளிச்சென்று நீலம்.

“மன்னிச்சிக்கங்கம்மா. தோல் பழசுதான். கையெழுத்து போலி.”

“மாடிசனும் நம்ம ஸ்கூல்ல படிச்சிருப்பாருபோல, அக்கா,” என்றார் ராய்ஸ். “மையைப் பாரு.”

“வாயை மூடுடா.”

“நான் எதுவும் சொல்லல. கல்வெட்டுத் திறப்புக்குப் புதுத் தொப்பி வாங்கினியே, அதைத்தான் நினைச்சேன்.”

தெல்மா சட்டத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். முடிச்சு விழவில்லை. மறுபடியும் போட்டார்.

நீலக் கோட்டின் ஓரத்தில் ஓரிடத்தில் பழுப்பு தெரிந்ததை நான் பார்த்திருந்தேன்.

“ஒரு நிமிஷம்,” என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். காது சுட்டது. “எங்கிட்ட புற ஊதா விளக்கு இருக்கு. ஆனா இருட்டு வேணும்.”

தெல்மா முடிச்சை அவிழ்த்தார். ஜன்னல்களுக்குத் திரை இல்லை. ஹாஸ்கெல் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி மேசைமேல் கூடாரம்போலப் பிடித்தார். நான்கு தலைகள் உள்ளே நுழைந்தன.

“அக்கா, உன் முழங்கை என் விலாவுல குத்துது.”

“குத்தட்டும்.”

விளக்கைப் போட்டேன். தோல் வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. பழைய மையில் இரும்பு உண்டு. கண்ணுக்கு மங்கிப்போனாலும் இந்த ஒளியில் கறுக்கும். நீலக் கோட்டை ஒட்டி இன்னொரு கோடு தெரிந்தது. நீலம் அங்கங்கே தயங்கி விலகியிருந்தது. அடியில் இருந்தது ஒரே வீச்சில் போயிருந்தது.

“கீழ ஒரு கையெழுத்து இருக்கு,” என்றேன். “மங்கிப்போனப்புறம் யாரோ அது மேலேயே எழுதியிருக்காங்க.”

ஹாஸ்கெல் போனில் படமெடுத்தார். வெளியே வந்து தன்னிடமிருந்த மாடிசன் பத்திரத்தோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு வளைவாகப் பார்த்தார்.

“நான் அவசரப்பட்டுட்டேன். கீழ இருக்கறது மாடிசனோடதுதான்.”

“நம்ம அப்பாதான்!” என்றார் தெல்மா திடீரென்று. “சுதந்திரத்தோட இருநூறாவது வருஷப் பேரணிடா. வண்டியில வச்சு ஊர்வலம் கொண்டுபோனாரே. தெருவுல நிக்கிறவங்களுக்குத் தெரியணும்னு எழுதியிருப்பாரு.”

“அவரு தீவனக் கடையில விலைச்சீட்டு எழுதின மை!” ராய்ஸ் மேசையைத் தட்டிச் சிரித்தார். “ஜனாதிபதியையே திருத்தியிருக்காரு மனுஷன்.”

“மேல எழுதிட்டதால, சேகரிக்கிறவங்க யாரும் இனிமே இதை வாங்கமாட்டாங்க,” என்றார் ஹாஸ்கெல்.

“நான் யாருக்கும் குடுக்கப்போறதில்லையே.” தெல்மா என்னிடம் திரும்பினார். “இந்த நீலத்தை எடுக்க முடியுமாம்மா?”

“எடுத்தா கீழ இருக்கறதும் போயிடலாம்.”

அவர் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “வேண்டாம். ரெண்டு பேரும் இருக்கட்டும்.”

ஹாஸ்கெல் கல்வெட்டுக்காரரைப் போனில் அழைத்து, இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ராய்ஸ் போனருகே குனிந்தார்.

“லெப்டினன்ட்னு முழுசா வெட்டுங்க. சுருக்கினீங்க, எங்க அக்கா உளியோட வந்து நிப்பா.”