ஒரு அளவு பெரிய ஸ்வெட்டர்

இறந்துபோன அந்தப் பிள்ளையைக் கீழே பிணவறைக்குக் கொண்டுபோன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். என் வேலையே அப்படித்தான். படுத்திருந்தவர் குணமாகி வீட்டுக்குப் போனாலும் சரி, இல்லாமலே போனாலும் சரி, அறை காலியானதும் நானும் என் இயந்திரமும் போய் நிற்க வேண்டும். ஆள் உயரக் கம்பம், அதைச் சுற்றிக் குழல் விளக்குகள், அடியில் சக்கரம். அதிலிருந்து வரும் புற ஊதா ஒளி பட்டால் கிருமி செத்துவிடும். மனுஷன் கண்ணும் தோலும்கூட வெந்துவிடும். ஆகவே அது உள்ளே நுழைந்தால் மற்ற எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். நர்சுகள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு மரியாதை என் கல்யாணத்தில் எனக்கே கிடைத்ததில்லை.

அன்றைக்கு யாரும் அந்தக் கேலியைப் பேசவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலியில் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம், மேலங்கி எதையும் கழற்றவில்லை. மார்போடு ஒரு நீல ஸ்வெட்டரை அணைத்திருந்தாள்.

"துவைக்கப் போடணும்னு சொன்னா தரவே மாட்டேங்கறாங்க. அப்படியே வீட்டுக்கும் அனுப்ப முடியாது. உங்க விளக்குல நல்லா காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துருங்க" என்று தலைமை நர்ஸ் என் காதோடு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"வாசம் போயிருமா அண்ணா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சமயத்துக்கு அதுவும் வாயில் வரவில்லை. "ஒரு மாதிரி கருகின வாடை ஏறிடும்மா. பழசு அதுக்கு அடியில போயிரும்."

"எல்லா எடத்துலயுமா?"

"வெளிச்சம் பட்ட எடத்துல. மடிப்புக்குள்ள அது போகாது. அதனாலதான் எல்லாத்தையும் பிரிச்சுப் போடுவோம்." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

அவள் ஸ்வெட்டரை மடியில் விரித்தாள். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரியதாக வாங்கியிருக்கிறார்கள். இரண்டு கையும் நுனியில் மடித்து விடப்பட்டிருந்தன.

"அப்ப இந்த மடிப்ப மட்டும் பிரிக்காதீங்கண்ணா. இது ஒண்ணு போதும் எனக்கு."

பையன் இருமலையெல்லாம் அந்தக் கையில்தான் இருமியிருப்பான். கிருமி எங்காவது ஒளிந்திருந்தால் அங்கேதான் இருக்கும். இது தெரியாமல் நான் இந்த வேலையில் இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தேன், மெத்தையை நிமிர்த்தினேன், இழுப்பறைகளைத் திறந்து வைத்தேன். குளுக்கோஸ் மாட்டும் கம்பியில் ஸ்வெட்டரைத் தொங்கவிட்டேன். கை மடிப்புவரை போன விரல் திரும்பி வந்துவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்து கதவைச் சாத்திப் பொத்தானில் கை வைத்தபோது அவள் போன் அடித்தது. புருஷன். கைக்குழந்தையோடு கீழே வந்து நிற்கிறாராம்.

"பாப்பாவ மேல கொண்டு வராதீங்க. நானே வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

"நிறுத்துங்கண்ணா."

"என்னம்மா?"

"பாப்பாவுக்கு இது கையில கெடச்சா நேரா வாய்க்குத்தான் போகும். ஸ்வெட்டர் கைய சப்பக் குடுத்து அவன்தான் பழக்கி வச்சிருக்கான்."

என்னை ஒதுக்கிவிட்டு அவளே உள்ளே போனாள். முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. மடிப்பில் முகத்தைப் புதைத்து, தோள் இரண்டும் ஏற, அந்த வாசத்தை ஒரே மூச்சாக உள்ளே இழுத்தாள். அதன் பிறகு அவள் கைகள் தயங்கவே இல்லை. மடிப்புகளைப் பிரித்து உதறினாள். ஸ்வெட்டரை நன்றாக விரித்து, மறுபடி கம்பியில் மாட்டினாள். பிரிந்த பகுதி வெளுக்காமல் கடையில் வாங்கிய அன்றைய நீலத்திலேயே இருந்தது. கைகள் இரண்டும் நீளமாகத் தொங்கின, அவனைவிடப் பெரிய பையன் ஒருவனுடையதைப் போல.

அவள் வெளியே வந்து தலையசைத்தாள். கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினேன். அறை ஊதாவும் நீலமுமாக நிறைந்தது. கதவிலிருக்கும் கண்ணாடி அந்த ஒளியை வெளியே விடாது, நின்று பார்க்கலாம். அவள் கண்ணாடிக்கு வெகு அருகில் நின்றாள்.

"உக்காரும்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். வாய் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உள்ளே இழுத்த மூச்சை அவள் இன்னும் விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்குச் சீக்கிரமே முடியாமல் போயிற்று.

அவளுக்கும் முடியாமல் போனது. விட்ட மூச்சு கண்ணாடியில் வட்டமாக ஆவியாய்ப் படர்ந்தது. ஓரத்திலிருந்து அது சுருங்கத் தொடங்கியதும் அவள் அவசரமாக உள்ளங்கையால் அதைப் பொத்தினாள்.