ரேக்கு அசைந்த இடம்

ரேக்கு ஒட்டுகிறவள் வந்ததுமே ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டாள். காகிதத்தைவிட மெல்லிய தகடான தங்க ரேக்கு மூச்சுப் பட்டாலே பறந்துவிடும். அவள் ஒட்ட வேண்டிய அலங்கார மேஜை, உள்ளறையின் பூட்டிய கதவை ஒட்டி நின்றது.

"இதை நடுவுல இழுத்துப் போட்டுக்கட்டுமா அண்ணே?"

"வேணாம்மா. இருக்கிற இடத்துலயே ஒட்டு."

"அண்ணி எங்க?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. வந்து பாத்து அசந்துடுவா" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் ரேக்கை வைத்தாள். அதன் நுனி எழுந்தது, படிந்தது, மறுபடி எழுந்தது. தன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அப்போதும் எழுந்து படிந்தது. அந்த ஓரத்துக்கு நேர் பின்னால் கதவின் சாவித் துவாரம் இருந்தது.

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, நிறுத்திட்ட?"

"நீங்க விடற மூச்சுக்கே பறக்குது அண்ணே. கொஞ்ச நேரம் வாசல்ல நில்லுங்களேன்."

"என் வீட்டுல நான் மூச்சு விடக் கூடாதாக்கும்" என்று முனகிக்கொண்டே அவர் போனார்.

அவர் வெளியேறிய கதவை அவள் உள்ளே தாழிட்டுவிட்டு மேஜையை இழுத்தாள். அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. உடனே வாசலிலிருந்து செருப்புச் சத்தம் வேகமாகத் திரும்பி வந்தது.

அவள் தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டாள்.

"அண்ணி, கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க. உடைக்கப் போறேன்."