ஏழாம் நம்பர் தகடு

கொதிகலன் தொழிற்சாலையை இழுத்து மூடிய அன்று, கணவன் மனைவி இருவர் கையிலும் ஆளுக்கொரு கணக்குச் சீட்டைத் திணித்து வெளியே அனுப்பினார்கள். பேருந்து வரும்வரை சும்மா நிற்க முடியாமல் அவள் இரண்டு சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். அங்கேதான் வினை பிடித்தது. அவனுக்குக் கூலி மணிக்கு இருபத்தொன்று. அவளுக்குப் பதினாறு.

ஒன்பது வருடம் ஒரே கொட்டகை, ஒரே புகை, ஒரே சூடு. போதாக்குறைக்கு, அவனுக்கு வெல்டிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இடது கையால் ராடு பிடிப்பாள் என்பதால் தொழிற்சாலையில் அவளுக்கு 'இடக்கை' என்றே பெயர். நுணுக்கமான குழாய் வேலை வந்தால், "கூப்பிடு இடக்கையை" என்பார்கள். கூப்பிட்டார்கள், செய்தாள், பதினாறு கொடுத்தார்கள்.

"இவ்வளவு வித்தியாசமா? சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றான் புருஷன்.

"உங்கள யாரு கேட்டா? நானே கேக்காம விட்டுட்டேனே, அத நெனச்சாத்தான் வயிறு எரியுது."

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவின் உட்பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் '21' என்று எழுதினாள். அதற்குக் கீழே போவதில்லை. அவ்வளவுதான்.

அதன்பிறகு ஐந்து மாதம். புருஷன் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கி அடுப்பை எரிய வைத்தான். அவள் தினமும் கிளம்பிப் போய் வேலை தேடினாள். வேலை கிடைக்காமல் இல்லை. கேட் கிராதி செய்கிற பட்டறையில் பதினைந்து என்றார்கள். லாரி பாடி கட்டுகிற இடத்தில், "எடுபிடியா வா, பதினாலு. கை எப்படின்னு பாத்துட்டு அப்புறம் ராடு குடுக்கறோம்" என்றார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் நல்ல மனசோடுதான் சொன்னாள்: "ரொம்ப நாள் சும்மா இருக்காதம்மா. அஞ்சு மாசம் வீட்ல இருந்தவன்னு தெரிஞ்சா உனக்கு ஏதோ கொறை இருக்குன்னு நெனப்பாங்க. வந்ததைப் புடிச்சுக்க."

சலவைக் கூடத்தில் இஸ்திரி போடும் அவள் அக்கா வாரம் ஒருமுறை வந்து கதவைப் பார்ப்பாள்.

"ஏண்டி, அந்த நம்பர வடிச்சுச் சாப்பிட முடியுமா?"

"நீ சாப்பிட்டுட்டுப் போக்கா. சோறு இன்னும் இருக்கு."

வெளியே வீம்பாகப் பேசினாலும், புருஷன் தோளில் மூட்டை உராய்ந்து தோல் உரிந்திருப்பதைப் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சு இளகும். பதினைந்துக்காவது போயிருக்கலாமோ என்று இரண்டு முறை கதவு முன்னால் ஈரத்துணியோடு நின்றிருக்கிறாள். துடைக்கத்தான் கை வரவில்லை.

ஆறாவது மாதத் தொடக்கத்தில், தண்ணீர்த் தொட்டி செய்கிற ஒரு பட்டறையில் ஆள் எடுப்பதாகச் சேதி வந்தது. இரண்டு பேரும் போனார்கள். அங்கே பேட்டி கீட்டி ஒன்றும் கிடையாது. வாசலில் நம்பர் குத்திய தகடுகள் கிடக்கும். ஆளுக்கு ஒரு ஜோடியை எடுத்து வெல்டிங்கால் ஒட்டித் தர வேண்டும். ஃபோர்மேன் ஒட்டின இடத்தின் ஓரத்தில் விரல் அகலத் துண்டை அறுத்து, அழுத்து இயந்திரத்தில் வைத்து வளைப்பார். விரிசல் விட்டால் வீட்டுக்குப் போகலாம். விடாவிட்டால், என்ன கூலி என்று மீதித் தகட்டின் மேலேயே சாக்குக்கட்டியால் எழுதிவிடுவார். அந்தப் பட்டறையில் அதுதான் வேலை உத்தரவு. சுவரோரம் இரும்புத் தட்டில் விரிசல் விட்ட தகடுகள் முப்பதுக்குக் குறையாமல் அடுக்கியிருந்தன. அதை அவள் உள்ளே நுழையும்போதே பார்த்து வைத்துக்கொண்டாள்.

அவன் எடுத்தது ஆறாம் நம்பர். அவள் எடுத்தது ஏழாம் நம்பர். முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். ஃபோர்மேன் அந்த நேரம் பளுத்தூக்கி மாட்டிக்கொண்டது என்று கத்திக்கொண்டு வெளியே ஓடியிருந்தார்.

திரும்பி வந்து இரண்டையும் அறுத்து வளைத்தார். ஆறு விரிசல் விடாமல் தாங்கியது, ஆனால் மேலாக மயிரிழையாய் ஒரு கோடு விழுந்தது. ஏழு வெண்ணெய்போல் வளைந்தது. அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஏழின் மேல் '24' என்று எழுதி நேராகப் புருஷன் கையில் கொடுத்தார்.

"சபாஷ்யா! மூணு வாரமா இந்தக் கைக்குத்தான் தேடிட்டு இருந்தேன்." பிறகு ஆறின் மேல் '17' என்று எழுதி அவளிடம் நீட்டினார். "உனக்கும் பரவால்லம்மா. புருஷன் பக்கத்துல இருந்து கத்துக்க."

புருஷன் வலது கையால் காதைச் சொறிந்தான். அவள் சிரித்துவிட்டாள்.

"சார், நம்பரைப் பாத்தீங்களா? ஏழு என்னோடது."

"ஏம்மா, புருஷன் பொஞ்சாதியா வர்றவங்க தகட்ட மாத்திக்கறது எனக்குத் தெரியாதா?"

"நம்பரை நம்ப வேண்டாம். தகட்ட நேரா வச்சு, வெல்டுல வரிவரியா இருக்கற அலையப் பாருங்க. எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சிருக்கு? வலதுல ஆரம்பிச்சு இடதுல முடிஞ்சிருக்கு. வலதுகைக்காரன் எவனாவது அப்படிப் போவானா? இவர் எந்தக் கையால காது சொறியறாருன்னு பாத்தீங்கல்ல?"

ஃபோர்மேன் இன்னொரு முறை தகட்டைப் பார்த்தார். அலைகள் இடப்பக்கம் நோக்கி வரிசையாகப் போயிருந்தன. இருபத்தைந்து வருட அனுபவம் உள்ள மனிதர். காதுவரை சிவந்துபோனார்.

"ஆமா சார்," என்றான் புருஷன். "எனக்கே அவதான் வாத்தியார். மாத்தி எழுதுங்க."

ஃபோர்மேன் ஆறாம் தகட்டை வாங்கி, பதினேழைக் கட்டைவிரலால் அழித்து, புருஷனுக்காக '20' என்று எழுதினார். அவள் அதைக் கவனித்தாள். அதே தகடு, அதே மயிரிழைக் கோடு. கை மாறியதும் மூன்று ஏறிவிட்டது. அடுத்து ஏழை எடுத்து இருபத்துநாலை அழிக்கப் போனார்.

"உனக்கு இருபத்தொண்ணு போடறேன். எங்க பட்டறையில எந்தப் பொம்பளைக்கும் இவ்வளவு குடுத்ததில்ல."

இருபத்தொன்று! கதவில் எழுதியிருந்த அதே எண். புருஷன் முழங்கையால் இடித்து, "வந்துருச்சும்மா, தலைய ஆட்டிடு" என்று கிசுகிசுத்தான். அவள் நாக்கு நுனியில் 'சரி' வந்து நின்றது. வேண்டாமென்று சொல்லி இதுவும் போய்விட்டால் மறுபடி மூட்டை, மறுபடி அவன் தோள். ஆனால் அந்தக் கதவில் எழுதியபோது தன் கைக்கு என்ன விலை என்று அவளுக்கே தெரியாது. அவனுடைய சீட்டைப் பார்த்து எழுதிய எண் அது. இப்போது தெரிந்துவிட்டது. ஆம்பளை செய்தது என்று நினைத்த நேரத்தில் ஃபோர்மேனே எழுதிய விலை.

அவள் தகட்டின் மேல் கையை வைத்தாள்.

"அழிக்காதீங்க சார். இதை வளைச்சுப் பாத்து நீங்க எழுதினது இருபத்துநாலு. அப்பறம் மறுபடி வளைச்சுப் பாக்கலையே? அதுக்குள்ள இது எங்க வீக்காச்சு?"

"அது... வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா."

"இருக்கட்டும். தகட்ட நான் எடுத்துக்கறேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறைல ஆள் தேடறாங்களாம். அங்க காட்டிப் பாக்கறேன்." சுவரோரத் தட்டைப் பார்த்துக் கொண்டே சேர்த்தாள்: "நீங்களும் இன்னொரு மூணு வாரம் தேடுங்க."

புருஷன் கண்ணை மூடிக்கொண்டான். ஃபோர்மேன் தட்டிலிருந்த முப்பது விரிசல் தகடுகளைப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் போயாக வேண்டிய நாலு தொட்டிகள் மூடி இல்லாமல் வெளியே வாயைப் பிளந்து நின்றன. அதையும் பார்த்தார். சாக்குக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வைம்மா கீழே. அதே இருபத்துநாலு. நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு. லேட்டா வந்தா கத்துவேன்."

"எல்லார் மேலயும் கத்தற அளவுக்குக் கத்துங்க, அது போதும்."

அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் புருஷன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். "எனக்கு முன்னால இருந்ததுல ஒண்ணு கொறஞ்சுபோச்சு. உனக்கு எட்டு கூடிப்போச்சு. இனிமே வீட்ல யாரு பேச்சு எடுபடும்?"

"இத்தன நாளும் யாரு பேச்சு எடுபட்டுச்சு?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, புண் ஆறாத தோளை மெல்லத் தேய்த்துக்கொண்டு நடந்தான். இனி மூட்டை இல்லை. நடை துள்ளலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்தாள். விஷயத்தைக் கேட்டு வாயில் கை வைத்தாள். வழக்கம்போல நக்கல் ஏதாவது வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கதவுப் பக்கம் போய் 21-ஐ விரலால் தொட்டாள்.

"ஏண்டி, எங்க கூடத்துல இஸ்திரி போடற ஆம்பளைங்க நாலு பேர் இருக்காங்க. அவங்களுக்கு என்ன குடுக்கறாங்களோ."

"கேட்டதில்லையா?"

"பதிமூணு வருஷம் ஆச்சு. கேக்கத் தோணல."

'இடக்கை' எழுந்துபோய், ஜன்னல் விளிம்பிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அக்கா கையில் வைத்தாள்.

"நாளைக்குக் கேட்டுட்டு வா. கதவுல எடம் இருக்கு."