லீக் டெஸ்டில் தேறாத மோட்டார்

தாவீது அண்ணனுக்கு ஒரகடம் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து ஐந்து வாரம். மரக்காணம் பக்கம் படகுச் சவாரி நடத்தும் ஒருவர், ஓடுகிற மோட்டாரும் படகுமாகத் திங்கட்கிழமை காலை வந்து நின்றால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று சொல்லியிருந்தார். படகு கோவளத்தில் மச்சினனிடம் இருந்தது. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக ஒரு முழுப் பகல் போக வேண்டும். அதற்கு மாட்ட வேண்டிய பழைய மோட்டார் மட்டும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வடக்குப்பட்டுக்கு, நாங்கள் எல்லாரும் குடியிருக்கும் காம்பவுண்டுக்கு வந்தது. வழியில் டிரைவர் அதையும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாராம்.

சனிக்கிழமை காலை, தண்ணீர் நிரப்பிய நீல டிரம்மில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தோம். நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் என்பதால் என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. பதினோராவது இழுப்பில் ஓடியது. பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த பக்கத்து வீட்டுக் கண்ணப்பன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். அவர் கம்பெனியில் கசிவு பார்க்கும் லீக் டெஸ்டில் ஒன்பது வருடம். அவர் லைனில் தண்ணீரில் முக்கும்போது ஒரு குமிழி வந்தாலும் பீஸ் ரிஜெக்ட் ஆகிச் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும்.

"ஒழுவுற பீஸ எப்டிடா வெளிய வுடுவ?" என்றவர், எம்-சீல் பிசைந்து ஓட்டையை அடைத்தார். காய்ந்ததும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. மோட்டாருக்கென்று தாவீது அண்ணன் போட்டிருந்த நோட்டில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

நாலு மணிக்கு எதிர்வீட்டுச் சத்யப்பிரியா அக்கா கம்பெனி இன்ஜின் லைனில் ஷிப்ட் முடிந்து வந்தார். பஸ்ஸில் வரும்போதே இந்த மாதிரி மோட்டாரைப் பற்றி வீடியோ பார்த்திருந்தார். பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும், வராவிட்டால் உள்ளே பம்ப் போச்சு, இன்ஜின் சூடேறிக் கருகிவிடும். ஓட்டினோம். வரவில்லை. நோட்டைப் பார்த்தார். முந்தைய ஸ்டேஷன் ஓகே போட்டதை அடுத்த ஸ்டேஷன் மறுபடி நோண்டக் கூடாது என்பது லைன் பழக்கம். ஆகவே பம்பைக் கழற்றினார். நன்றாக இருந்தது. மாட்டினார். வரவில்லை. மறுபடி கழற்றினார். ஒழுகலைத்தான் காலையிலேயே சரிசெய்தாயிற்றே, பிறகும் ஏன் தண்ணீர் வரவில்லை என்று தாவீது அண்ணன் உண்மையாகவே வருத்தப்பட்டார். நானும் தலையாட்டினேன்.

மூன்றாவது தடவை கழற்றப் போகும்போது, தண்ணீர் எங்கிருந்துதான் வர வேண்டும் என்று கேட்டேன். அக்கா போனைக் காட்டினார். அதில் ஓட்டை இருந்த இடத்தில் நம் மோட்டாரில் சாம்பல் நிறக் கட்டி இருந்தது.

கட்டியைச் சுரண்டி எடுத்ததும் தண்ணீர் சத்யப்பிரியா அக்காவின் யூனிபார்மில் அடித்தது. நான் போய் எழுப்பிக்கொண்டு வந்த கண்ணப்பன் அண்ணன் அதைப் பார்த்தும் அசையவில்லை.

"ஒழுவணும்னு எந்த டிராயிங்ல போட்டுகீது?"

"இன்ஜின் சுத்தி வர்ற தண்ணிண்ணா. அது வெளிய வந்தாதான் பம்ப் ஓடுதுன்னு அர்த்தம்."

"இருக்கட்டும்மா. ஒழுவுற பீஸுக்கு நான் கையெழுத்து போட்டதில்ல." நோட்டை வாங்கிக் காலையில் போட்டதையும் அடித்தார்.

கையெழுத்து இல்லாமல் தாவீது அண்ணன் மோட்டாரை ஆட்டோவில் ஏற்ற மறுத்தார். கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றிய எட்டு வருடத்தில் அவர் அப்படி ஒரு பீஸைக்கூட ஏற்றியதில்லையாம்.

"ஒழுவுறது நல்லதா கெட்டதா, ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லுங்கப்பா. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு நான் தண்ணில நிக்கணும். இது போனா எனக்கு வேற வேலை இல்ல."

இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லவில்லை. கண்ணப்பன் அண்ணன் மட்டும் வீட்டுக்குள் போய் ஒரு துண்டோடு வந்தார். கையெழுத்துப் போட மாட்டேன், ஆனால் கூடவே வருகிறேன், ஒழுகல் நின்றால் சொல்கிறேன் என்றார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஒழுகல் நிற்கக் கூடாது என்று கவலைப்பட்ட முகம் அது. கையெழுத்துக்குப் பதில் ஆளே வந்தால் போதும் என்று தாவீது அண்ணன் மோட்டாரை ஏற்றினார்.

திங்கட்கிழமை மதியம் தாவீது அண்ணன் போன் செய்தார். வேலை கிடைத்துவிட்டது. வழி முழுக்க மோட்டாரிலிருந்து பீய்ச்சும் தண்ணீருக்குக் கீழே உள்ளங்கையை நீட்டி உட்கார்ந்து வந்த கண்ணப்பன் அண்ணன், கரை சேர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லையாம். அவர் யார் என்று முதலாளி கேட்டாராம். குவாலிட்டி என்றாராம் தாவீது அண்ணன். அதற்குமேல் முதலாளி ஒன்றும் கேட்கவில்லை.