மிளகு வலப்பக்கம் போகிறாள்

ஐந்து மாதம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், கட்டுப் போட்ட கையாலேயே அவரை ஒரு தள்ளு தள்ளியிருப்பேன். குதிரையிலிருந்து விழுந்து வலது தோளில் தசைநார் கிழிந்தது உண்மை. ஆபரேஷன் செய்து தைத்ததும் உண்மை. அதற்காக ஒரு மனுஷியை ஐந்து மாதம் குதிரை ஏற விடாமல் கட்டிப்போடுவதா? வாரத்துக்கு நான்கு நாள் காலையில் குதிரை ஏறிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். அது இல்லையென்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது, யார் பேச்சும் காதில் ஏறாது.

வீட்டில் நான் பண்ணிய அழிச்சாட்டியத்தை என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். இடது கையாலேயே துணி அலமாரியை மூன்று தடவை கலைத்து அடுக்கினேன். சோபாவின் கைப்பிடி மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து டிவி பார்த்தேன்.

"அதுக்கு லாடம் அடிச்சுடட்டுமா?" என்றார்.

"அடிங்க. இந்த வீட்ல நீங்க ஒரு ஆணியாவது அடிச்ச மாதிரி இருக்கும்."

அன்றைக்கு முழுக்க மனுஷர் என்னோடு பேசவில்லை.

வேலையிலும் நிம்மதி இல்லை. அச்சகத்தில் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள் நான். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இடது கையில் சிவப்புப் பேனாவைப் பிடித்துச் சுழித்ததைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் திருத்தம் போடும் பெண் கேட்டாள், "மேடம், இது திருத்தமா, பூரான் ஓடின தடமா?" அவளை முறைத்தேன். என் நினைப்பெல்லாம் மிளகு மேல் இருந்தது.

மிளகு சாம்பல் நிறப் பெண் குதிரை. உடம்பெல்லாம் கறுப்புப் பொட்டு. குதிரையேற்றப் பள்ளிக்குச் சொந்தமானவள் என்றாலும் எட்டு வருடமாக என்னைத் தவிர அவள் மேல் அதிகம் யாரும் ஏறியதில்லை. ஏறாமலே விட்டால் குதிரைக்கு உடம்பு இறுகிவிடும். அதனால் அங்கே வேலை பார்க்கும் குதிரைக்காரர், யாரும் கேட்காமலே, தன் வேலை தொடங்குமுன் தினமும் இருபது நிமிடம் அவளை ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒன்று விட்டு ஒரு நாள் அவருக்குப் போன் போட்டுவிடுவேன்.

"நல்லா இருக்கா மேடம். உங்களத் தேடுறா."

"பொய் சொல்லாதீங்கண்ணே."

"சரி, தேடல. தீனியத்தான் தேடுறா."

ஆறாவது மாதம் பிறந்ததும் பிசியோதெரபி பெண்ணிடம் போய் நின்றேன். நான் அவளுக்கு வைத்த பெயர் ஹெட்மாஸ்டர். வயது முப்பதுகூட இருக்காது, கண்டிப்பு அப்படி. "குதிரையில நடை மட்டும். அரை மணி நேரம். ஓட விட்டீங்கன்னு தெரிஞ்சா இந்தப் பக்கமே வராதீங்க," என்றாள். நான் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தேன்.

நான் போன நாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளியில் கூட்டம் நெரியும் நாள் அது. வேலியோரம் பெற்றோர்கள், மைதானத்தில் ஏழெட்டுக் குதிரைகள். படிக்கட்டைப் போல இருக்கும் மரப்பலகை மேல் நின்று ஏறினேன். மிளகின் முதுகில் உட்கார்ந்ததும் குனிந்து அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்தேன். அந்த சந்தோஷம் முக்கால் சுற்று நீடித்தது.

வேலியை ஒட்டி நேராகப் போகச் சொன்னால் மிளகு வலப்பக்கமாக உள்ளே இழுத்தாள். திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடி வலப்பக்கம். கடிவாளத்தின் இடது வாரை இழுத்துப் பிடித்தேன், தலையை ஆட்டினாள், பத்தடி நேராகப் போனாள், மறுபடியும் அதே கதை. மூன்றாவது சுற்றில் ஞாயிறுதோறும் வரும் பல் டாக்டரின் குதிரை மேல் மோதப் போனோம்.

"என்ன மேடம், லைசென்ஸ் புதுப்பிக்கலையா?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இறங்கி, அங்கேயே நின்று கத்தினேன். "யாரு இவள இப்படிக் கெடுத்து வெச்சது?"

குதிரைக்காரர் ஓடி வந்தார்.

"அஞ்சு மாசமா என்ன பண்ணினீங்க? நீங்க கோணலா உக்காந்து ஓட்டி ஒரு நல்ல குதிரையைக் கோணலாக்கி வெச்சிருக்கீங்க. தெரியலன்னா தொட்டிருக்கவே கூடாது."

அண்ணே என்று சொல்லவில்லை. அவர் மிளகைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சத்தம் கேட்டுப் பள்ளி முதலாளி வந்தார். எதையும் விசாரிக்கிற ஆள் இல்லை அவர். "இனிமே நீ இவ பக்கம் வராத. வைக்கோல் கொட்டகையப் பாத்துக்க," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். குதிரைக்காரர் கையிலிருந்த பிரஷ்ஷை வேலி மேல் வைத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அடுத்த பத்து நாளில் மூன்று முறை போனேன். மிளகு வலப்பக்கம்தான் போனாள். வேறொரு ஆள் அவளைக் கவனித்துக்கொண்டான். தீனியைப் பாதி மிச்சம் வைக்கிறாள் என்றான். "எவ்வளவு தூரம் கெடுத்து வெச்சிருக்கார் பாருங்க," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன், அச்சகத்தில் சொன்னேன், கடைசியில் ஹெட்மாஸ்டரிடமும் போய்ப் புலம்பினேன்.

அவள் ஒரு பெரிய ரப்பர் பந்தை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன் மேல் குதிரையில் உட்காருவது போல என்னை உட்கார வைத்தாள். ஒரு துண்டை எதிரே கம்பியில் மாட்டி இரண்டு முனையையும் என் கையில் கொடுத்தாள்.

"கடிவாளம் பிடிக்கிற மாதிரி பிடிங்க. ரெண்டு கையும் சமமா இருக்கா?"

"சமமாத்தான் இருக்கு."

"நிச்சயமா?"

"பன்னிரண்டு வருஷமா பிடிக்கிறவகிட்டயா கேக்குற?"

பின்னாலும் பக்கவாட்டிலும் நின்று போனில் படம் எடுத்துக் காட்டினாள். என் வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கை இடது கையைவிட நாலு விரல் பின்னால் இருந்தது. உடம்பே ஒரு பக்கம் பாரம் ஏற்றிய பை மாதிரி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"வலிக்குமோன்னு பயந்து உடம்பு தன்னால ஒதுங்கிக்கும். உங்களுக்கே தெரியாது. சரி பண்ணிடலாம்," என்றாள்.

அவள் அடுத்துச் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. வலது கை பின்னால் போனால் அந்தப் பக்கத்து வார் குறுகும். வார் குறுகினால் குதிரை அந்தப் பக்கம் திரும்பும். முதல் நாள் வருகிறவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. மிளகு கெட்டுப்போகவில்லை. நான் சொன்னதைத்தான் அவள் இம்மி பிசகாமல் செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கு ஏன் மேடம் இவ்வளவு கவலை? ஆள பழையபடி போட்டுட்டா போச்சு," என்று சிரித்துவிட்டு, குதிரைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு அவர் வந்து நின்றார்.

"அண்ணே, தப்பு என்னோடது. நான்தான் கோணலா உக்காந்திருக்கேன். மன்னிச்சிடுங்க."

"தெரியும் மேடம். உங்க வலது கை பின்னாடி போயிருந்துச்சு. அன்னைக்கே பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கேட்டிருக்க மாட்டேன்," என்றேன்.

"சரி சரி, நாளையிலேருந்து மிளகு உன் பொறுப்பு," என்றார் முதலாளி.

"வேண்டாங்க. நாளைக்கு அவ நொண்டினாலும் என் தலையிலதான் விடியும். போன வாரம் பல் டாக்டர் அவர் குதிரையையே தொடாதன்னுட்டார். கொட்டகையே போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "இன்னைக்கு புதன்கிழமை மேடம். இங்க யாருமில்ல."

அவர் போய்விட்டார். மைதானம் காலியாகக் கிடந்தது. புதன்கிழமைகளில் யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தேன்.

அடுத்த மூன்று நாளும் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மெய்ப்பில் ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டு ஒரு வரிகூட நினைவில்லாமல் மறுபடி மேலேயிருந்து தொடங்கினேன். "பள்ளி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போட்டுடேன்," என்றார் வீட்டுக்காரர். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். குதிரைக்காரரைத் திட்டும்போது நான் வாட்ஸ்அப்பில் திட்டவில்லையே. ஊர் சிரிக்கும் என்ற பயம் ஒரு பக்கம், பன்னிரண்டு வருடமாக நல்லா ஓட்டுறவ என்று வாங்கின பெயர் ஒரு பக்கம். இதையெல்லாம் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேனே என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு மனுஷருக்கு வேலையில் இருந்த மரியாதையை ஒரு நிமிடத்தில் வாங்கிக்கொண்டவளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு யோசனை.

ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குப் போனேன். அதே கூட்டம். மரப்பலகை மேல் ஏறி நின்று, "எல்லாரும் ஒரு நிமிஷம்," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். குதிரைகள் நின்றன. கொட்டகை வாசலில் குதிரைக்காரர் வைக்கோல் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இங்க நின்னு அண்ணனைத் திட்டினேன். மிளகை அவர் கெடுக்கல. அஞ்சு மாசம் அவர்தான் அவள நல்லா வெச்சிருந்தார். கோணல் என் உடம்புல. குதிரை சரி, அவரும் சரி. நான்தான் தப்பு."

முதலாளி போனைப் பார்க்க ஆரம்பித்தார். பல் டாக்டர்தான் கடைசியில், "அது எப்படி மேடம், அவ்வளவு பழகினவங்க கோணலா உக்காந்தா தெரியாமலா போகும்?" என்றார்.

குதிரைக்காரர் கட்டைக் கீழே போட்டுவிட்டு லாயத்துக்குள் போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மிளகுக்குச் சேணம் பூட்டி நடத்திக்கொண்டு வந்தார். மைதானத்தின் நடுவில் அவர் முதலில் ஏறினார். வேலியோரம் ஒரு சுற்று. கோடு போட்ட மாதிரி நேராகப் போய் நேராக வந்தாள். இறங்கி, வாரை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஏறுங்க மேடம். அவங்களும் பாக்கட்டும்."

ஏறினேன். முழங்கையை முன்னால் நகர்த்தப் பார்த்தேன், தோள் கேட்கவில்லை. பத்தடிகூடப் போகவில்லை, மிளகு வலப்பக்கம் திரும்பி நேரே பல் டாக்டரை நோக்கிப் போனாள். அவர் பதறி ஒதுங்கினார். வேலியோரம் எல்லாரும் சிரித்தார்கள். குதிரைக்காரரும் சிரித்துவிட்டார், வாயைப் பொத்திக்கொண்டு. சிரித்துக்கொண்டே ஓடி வந்து மிளகின் தலைக் கயிற்றைப் பிடித்து, முதல் நாள் வந்த பிள்ளையை நடத்துவது போல என்னை வேலியோரம் கூட்டிப் போனார்.

"கைய முன்னாடி வைங்க மேடம்," என்றார். "இன்னும். இன்னும் கொஞ்சம்."

எனக்குத் தோள் வலித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது வலியால் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் துடைத்துக்கொள்ளவில்லை. கையை எடுத்தால் மறுபடி கோணலாகிவிடும்.